ஊர் பேர் தெரியாதவங்ககிட்ட

பிப்ரவரி 3

வாலுக்கு,

அக்கா எழுதறேன். எப்படி இருக்கே? போன தடவை இருமல்னு சொன்னியே, விட்டுச்சா? எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. தோள்பட்டை மட்டும் மழை வர்றதுக்கு முன்னாடியே மழையைச் சொல்லுது.

தபாலைப் பார்த்ததும் 'இவளுக்கென்ன கிறுக்குப் பிடிச்சுடுச்சா'ன்னு நெனச்சிருப்பே. போன் இல்லைடி. உடைஞ்சு போச்சு. தானா உடையற சாமான் இல்லை அது, அவ்வளவுதான் சொல்லுவேன். சலவைக் கூடத்துல எனக்கு எதிர்ல நின்னு இஸ்திரி மெஷின் ஓட்டறவ, ரோலர்காரின்னு கூப்பிடுவோம், தன் போனைத் தர்றேங்கறா. அவ போன்ல பேசினா அவ காதும் கூடவே வந்து உட்காரும். அதான் எழுதறேன். பதிலை வீட்டுக்குப் போட்டுத் தொலைக்காதே. சலவைக் கூடத்து முகவரிக்கு, 'மடிக்கிற மேஜை'ன்னு போட்டு அனுப்பு. வந்து சேரும்.

உன் மாமா என்கிட்ட பேசறதை நிறுத்திட்டார். முன்னாடியே கம்மிதான், இப்போ சுத்தமா இல்லை. நாள் முழுக்க வண்டி ஓட்டக் கத்துக்க வர்றவங்க பக்கத்துல உட்கார்ந்து 'கிளட்ச், கிளட்ச்'னு தொண்டை கிழியக் கத்தற மனுஷன், வாசல்ல செருப்போட நாக்கையும் கழட்டி வெச்சுட்டு உள்ளே வர்றார். தட்டுல போட்டா சாப்பிடறார். தட்டை நகர்த்தி வெச்சா போதும்னு அர்த்தம். பேசாத மனுஷனோட குடித்தனம் பண்ணிடலாம், எத்தனை பேர் பண்றாங்க. ஆனா போன வாரம் என் பையிலேருந்து வீட்டுச் சாவியை எடுத்துக்கிட்டார். இப்போ வேலை முடிஞ்சு போய் மணி அடிச்சுட்டு நிக்கணும். அவருக்கு எப்போ தோணுதோ அப்போ திறப்பார். உள்ளே டிவி ஓடற சத்தம் கேட்கும். நான் மாடிப்படியில உட்கார்ந்திருப்பேன். மேல் வீட்டு டீச்சர் என்னைத் தாண்டிப் போறப்போ புடவையை ஒதுக்கிக்கிட்டு, ஒண்ணும் பார்க்காத மாதிரி போறாங்க. அதுதான்டி எனக்குத் தாங்கலை.

சுத்தி வளைக்காம கேட்கறேன். கொஞ்ச நாள் உன்கிட்ட வந்து இருக்கட்டுமா? அங்கேயும் ஹோட்டல் இருக்கும். ஹோட்டல்னா விரிப்பு இருக்கும், விரிப்புன்னா மடிக்க ஆள் வேணும். வேலை கிடைச்சதும் நானே ஒரு இடம் பார்த்துக்குவேன்.

யோசிச்சு எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைச்சது. இருமல் விட்டுடுச்சு. தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் குடு, அலட்சியமா விடாதே. மாமா விஷயம் படிச்சு மனசு சங்கடமா இருந்துச்சு. அவர் குணம் நமக்குத் தெரிஞ்சதுதானே, தானா சரியாகும்.

எனக்கு இங்கே தலைக்கு மேல வேலை. புது வேலை என்னன்னு உனக்குச் சொல்லவே இல்லையே. கேள்வி கேட்கற வேலை. சிரிக்காதே. நெட்ல ஒரு பக்கம் இருக்கு, யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் கேட்கலாம், யார் வேணும்னாலும் பதில் சொல்லலாம். ஆனா ஜனங்களுக்குத் தானா நல்ல கேள்வி வர்றதில்லை. 'தலைவலிக்கு என்ன பண்ணலாம்'னுதான் கேட்பாங்க. அதனால சம்பளத்துக்கு நாங்க நாலு பேர் உட்கார்ந்து ஜனங்க மாதிரியே கேட்கறோம். 'உங்க நாய்க்கு ஒரே ஒரு வரி பேச வரும்னா என்ன சொல்லும்?' 'உங்க வாழ்க்கையில ஒரு நாளை மட்டும் அழிக்கலாம்னா எதை அழிப்பீங்க?' இந்த மாதிரி. முன்பின் தெரியாதவன் கேட்டா மனுஷங்க எப்படிப் பதில் சொல்றாங்கங்கறே! பெத்த தாய்கிட்ட சொல்லாததை எல்லாம் கொட்டறாங்க.

எங்களுக்கு ஒரே ஒரு விதி. நிஜத்துலேருந்து எடுக்கலாம், ஆனா ஆளை மாத்திடணும். அம்மான்னா அத்தைன்னு போடணும், ஆம்பளைன்னா பொம்பளைன்னு போடணும். படிக்கறவன் தன்னைத்தான்னு கண்டுபிடிச்சு சண்டைக்கு வந்துடக்கூடாதுல்ல.

எங்க மேற்பார்வையாளர் நான் எழுதற கேள்விங்களைத்தான் முதல்ல பார்க்கறார். சரி, மழை பிடிச்சுக்கிச்சுன்னு கேள்விப்பட்டேன். மாடிப்படியில உட்காரும்போது ஸ்வெட்டர் போட்டுக்கோ.

அன்புடன்
வாலு


மார்ச் 2

வாலுக்கு,

ஸ்வெட்டர் போட்டுக்கிட்டேன்.

நல்லா இருக்கியா? நான் இருக்கேன். உன் வேலையைப் பத்தி மேஜையில சொன்னேன், ஒரே கூத்து. 'கேள்வி கேட்கறதுக்குச் சம்பளமா? என் மாமியாருக்கு எழுதிப் போடுங்க, அவங்க இலவசமாவே கேட்பாங்க'ன்னா ரோலர்காரி. அப்புறம் அவளே தன் போன்ல உங்க பக்கத்தைத் தேடிப் பிடிச்சுட்டா. இப்போ மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதுதான். அவ சத்தமா வாசிப்பா, ஆளுக்கொரு பதில் சொல்லணும், எது ரொம்ப நல்லா இருக்கோ அதை அவ பேர்ல போடுவா. அதுல கை தட்டற பொத்தான் ஒண்ணு இருக்குல்ல, எத்தனை பேர் தட்டியிருக்காங்கன்னு அடுத்த நாள் பார்ப்போம். டிரம்முல துணி போடற சோப்பு அண்ணன் தெரியுமில்ல, வாயே திறக்காது. உன் நாய்க் கேள்விக்கு அது சொல்லுது: 'உன்கூட இருக்கறதுக்கு நான் பூனையாப் பொறந்திருக்கலாம்டான்னு சொல்லும்'. சிரிச்சு சிரிச்சு ஒரு கட்டு விரிப்பைக் கீழே போட்டுட்டோம். திருப்பித் துவைக்க வேண்டியதாப் போச்சு.

எது எது உன் கேள்வின்னு நான் கண்டுபிடிக்கப் பார்க்கறேன். அழகா எழுதினதெல்லாம் நீன்னு வெச்சுக்கறேன். தங்கச்சின்னு மேஜையில ஒரே பெருமை எனக்கு.

நான் ஒண்ணு கேட்டிருந்தேனே. கடிதத்துல அந்தத் தாள் மட்டும் ஒட்டிக்கிச்சா? இல்லை மழையில எழுத்து கரைஞ்சுடுச்சா? கிண்டலுக்குத்தான் சொல்றேன், அவசரம் இல்லை. அவசரம் இல்லைன்னு சொல்றதும் பொய்தான். நேத்து நான் படியில உட்கார்ந்திருக்கறதைப் பால்காரன் பார்த்துட்டான்.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமா இருப்பேன்னு நம்பறேன். தாமதத்துக்கு மன்னிச்சுக்கோ.

நீ கேட்டதை மறக்கலை. யோசிச்சுட்டுத்தான் இருக்கேன். உன் கடிதம் வந்ததுலேருந்து ஆபீஸ்ல எனக்கு வேலையே ஓடலை. என் அறையை நீ பார்த்ததில்லை. கட்டிலை மடக்கினாத்தான் கதவு முழுசாத் திறக்கும். அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கலாம், இன்னொரு ஆள் வந்தா முதல் ஆள் மூச்சை உள்ளே இழுத்துக்கணும். வீட்டுக்காரர் வேற ஒரு மாதிரி. யார் வந்தா போனாங்கன்னு ஜன்னல் வழியாப் பார்ப்பார்.

அது மட்டும் இல்லை அக்கா. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. யாரையும் கேட்காம நான் விளக்குப் போடற முதல் இடம் இது. நடுராத்திரி ரெண்டு பாட்டு கேட்கணும்னா கேட்கறேன். குளிக்கப் போனா கதவைத் தட்ட ஆள் இல்லை. இதெல்லாம் உனக்குச் சின்ன விஷயமாத் தெரியும்.

கொஞ்சம் டைம் குடு. நாலு பேர்கிட்ட கேட்டுச் சொல்றேன். தோள் எப்படி இருக்கு?

அன்புடன்
வாலு


ஏப்ரல் 6

வாலுக்கு,

தோள் அப்படியேதான். நீ எப்படி இருக்கே? யோசி, யோசி, வேண்டாங்கலை. யாருடி அந்த நாலு பேர்? எனக்குத் தெரியாம அங்கே சொந்தக்காரங்க முளைச்சிருக்காங்களா?

சரி, ஒரு விசேஷம் கேளு. உன் அக்கா பெரிய ஆளாயிட்டா! போன வாரம் உங்க பக்கத்துல ஒருத்தன் கேட்டிருந்தான். அவன் இருக்கறது ஒரே ஒரு அறையாம். தம்பிக்காரன் வீட்டுல தகராறுன்னு சொல்லி, கொஞ்ச நாள் வந்து இருக்கட்டுமான்னு கேட்கறானாம். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு. ரோலர்காரி 'பாவம், சேர்த்துக்கணும்'னா. சோப்பு அண்ணன் 'ஒரு வாரம் பார்க்கலாம்'னுச்சு. எனக்கு வந்துச்சே கோபம்! 'எழுதுடி, நான் சொல்றேன்'னு மடிச்ச விரிப்பை அப்படியே போட்டுட்டு நின்னுக்கிட்டே சொன்னேன். 'கதவைத் திறக்காதீங்க'ன்னு ஆரம்பிச்சு ஒரு மூச்சு. அடுத்த நாள் பார்த்தா ஆயிரக்கணக்குல கை தட்டல். அந்தக் கேள்விக்கு வந்த பதில்லயே எல்லாத்துக்கும் மேல நிக்கறது என்னோடதுதான்! இப்போ கூடத்துல என்னை நீதிபதின்னுதான் கூப்பிடறாங்க. மேனேஜரே 'நீதிபதியம்மா, தலையணை உறை எங்கே'ங்கறார்.

இத்தனை நாள் வாய் இருக்குன்னே மறந்து போயிருந்தேன்டி. வீட்டுல சுவரோட இருந்துட்டு இங்கே வந்து ஆயிரம் பேர் நான் சொன்னதைக் கேட்டாங்கன்னா எப்படி இருக்கும், சொல்லு.

இந்த மாசத்துக்குள்ள ஒரு வரி எழுதிடு. வான்னு எழுதினாப் போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்.

அக்கா


மே 20

அக்காவுக்கு,

நலம். நீ நலமா? வேலை அதிகம், அதான் எழுத முடியலை.

நீ பதில் எழுதினதா சொன்னியே, அதை முழுசா நீயே சொன்னியா, இல்லை ரோலர்காரி நடுவுல சேர்த்தாளா? அதுல ஒரு பையனைப் பத்தி வருதே, படிக்கறதுக்குன்னு உங்க வீட்டுல வந்து இருந்தவன்னு, அவன் யாரு? மாமா பக்கத்துல அப்படி யாரும் வந்து இருந்ததா எனக்கு ஞாபகம் இல்லை.

சும்மாதான் கேட்கறேன்.

வாலு


மே 27

வாலுக்கு,

அப்பாடி, உயிரோட இருக்கியே. உடம்புக்கு ஏதாவதோன்னு பயந்துட்டேன். ரெண்டு தடவை ரோலர்காரி போனைக் கையில வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன்.

அந்தப் பதிலையா இன்னும் நெனச்சுட்டு இருக்கே? நீயும் படிச்சுட்டியா? யாரும் இல்லைடி. சும்மா ஒரு பையனை இட்டுக்கட்டினேன். கதை இல்லாம சொன்னா யார் கேட்பாங்க? அதை விடு.

இப்போ நான் சொல்றதைக் கேளு. நேத்து சாயங்காலம் மணி அடிச்சேன், திறக்கலை. தட்டினேன், திறக்கலை. மழை சாய்ஞ்சு அடிச்சு படியெல்லாம் ஈரம். மேல் வீட்டு டீச்சர் இறங்கி வந்து, 'உங்களுக்கு யாரும் இல்லையா? போய் இருக்கற மாதிரி'ன்னு கேட்டாங்க. 'ஏன் இல்லை, தங்கச்சி இருக்கா, பெரிய வேலையில இருக்கா, வா வான்னு கூப்பிட்டுட்டே இருக்கா, நான்தான் போகலை'ன்னு சொன்னேன். எவ்வளவு கூசாம வந்துச்சு தெரியுமா? சொல்லி முடிச்சதும் எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. அவங்க போனப்புறம் கதவு திறந்துச்சு. உள்ளே போனேன், ஈரத்தோட சமைச்சேன்.

நாலு மாசமாக் கேட்கறேன். பாதி அறை கேட்கலை, ஒரு பாய் விரிக்கற இடம். ஆமாவா, இல்லையா? எதுவா இருந்தாலும் சொல்லிடு. இப்படி நடுவுல தொங்க விடாதே.

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

நலமா இருப்பேன்னு நம்பறேன்.

இல்லை.

நீ சொல்லிடுன்னு கேட்டதால சொல்றேன். ஏன்னும் சொல்லிடறேன். அந்தக் கேள்வியை எழுதினது நான்தான். ஒரு அறை என்னோடது. தம்பின்னு போட்டது உன்னை. ஆளை மாத்தணும்னு விதி இருக்குன்னு உனக்கு எழுதியிருந்தேன். என்னால முடிவு பண்ண முடியலை அக்கா. ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தப்போ கை தானா எழுதிடுச்சு. நாலு பேர் சேர்த்துக்கோன்னு சொன்னா மனசு இளகிடும்னு நெனச்சேன். நிஜமாவே நிறைய பேர் அப்படித்தான் சொன்னாங்க, நீ வர்ற வரைக்கும்.

நீ சொன்னதை நீயே ஒரு தடவை படிச்சுப் பார்:

'கதவைத் திறக்காதீங்க. கொஞ்ச நாள்னு சொல்ற வாய்க்கு எந்த நாளும் கடைசி நாளாத் தெரியாது. எங்க வீட்டுல ஒருத்தன் படிப்பு முடியட்டும்னு வந்தான். நாலு வருஷம். பரீட்சைன்னு விளக்கை அணைக்க விடமாட்டான். குளிக்கப் போனா ஊரே குளிச்ச மாதிரி ஆகும், தலைமுடியா அடைச்சுக் குழாயை நான்தான் குத்தி எடுப்பேன். சண்டை வந்தா அவன் காதுல விழுமேன்னு நானும் என் வீட்டுக்காரரும் வாயை மூடிக்கிட்டோம். மூடின வாய் அப்புறம் திறக்கவே இல்லை. அவன் படிச்சு முடிச்சுப் போய்ச் சேர்ந்துட்டான். அந்த மௌனத்தை எங்க தலையில கட்டிட்டுப் போயிட்டான். ரத்த பாசம்னு பார்த்தா உங்க குடித்தனம் போகும். இரக்கப்பட்டு நான் கெட்டேன், நீங்களாவது பிழைச்சுக்கோங்க.'

எந்த ஊர்ல அக்கா ஆம்பளைப் பையன் தலைமுடி குழாயை அடைக்கும்? ஆளை மாத்தக்கூட உனக்கு ஒழுங்காத் தெரியலை.

அம்மா போனப்புறம் உன் வீட்டுல இருந்த நாலு வருஷமும் நான் மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் இருந்தேன். குளிக்கறப்போ நீ கதவைத் தட்டுவே, 'டேங்க் காலியாயிடும்'னு. உனக்கு ஞாபகம் இருக்காது. ஆனா அக்கா கோபக்காரி, மனசுல ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சு வாழ்ந்துட்டேன். இப்போதான் தெரியுது, எல்லாம் இருந்திருக்கு. உன் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன்னு ஆயிரம் பேருக்கு சொல்லியிருக்கே. கை தட்டல் வாங்கியிருக்கே.

எனக்கு ஒரு அறைதான் இருக்கு. அதையும் இழக்க எனக்கு தெம்பு இல்லை. இது நீ சொன்ன புத்திதான்.

வாலு


ஜூன் 22

வாலுக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்டுத்தான் ஆரம்பிக்கணும். கேட்டாச்சு.

ஆமா. நீதான். இட்டுக்கட்டலை. மேஜையைச் சுத்தி எல்லாரும் என் வாயையே பார்த்துட்டு நின்னாங்க, நாக்கு நிக்கலை. அது மட்டும்தான்னு சொன்னா அது இன்னொரு பொய்யாயிடும். உள்ளே கிடந்ததுதான் வெளியில வந்துச்சு. எந்த மகராசன் கேட்டானோ, ஊர் பேர் தெரியாதவன்தானேன்னு அத்தனை வருஷத்தையும் கொட்டிட்டேன். அந்த மகராசன் நீயா இருப்பேன்னு எனக்கு உறைக்கலை. விதியை நீயே எழுதி அனுப்பியிருந்தே, அப்பவும் உறைக்கலை. என்னை மாதிரி ஒரு முட்டாள் உண்டா?

தம்பின்னு போட்டிருந்ததால அவன்மேல எனக்கு ஒரு பொட்டு இரக்கம் வரலைடி. தடிமாடு மாதிரி ஒருத்தன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வர்றதாத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. படியில உட்கார்ந்திருக்கிற பொம்பளைன்னு நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தா, ரோலர்காரிக்கு முன்னாடி நான் 'சேர்த்துக்கோ'ன்னு கத்தியிருப்பேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும், சொல்லிட்டு நிறுத்திக்கறேன். நான் உன்னைத் திட்டினேன், சரி. மனசுக்குள்ள தினம் திட்டினேன். குழாயைக் குத்தும்போது திட்டினேன், விளக்குக்குத் திட்டினேன், அவர் முகத்தைத் தூக்கி வெச்சுக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டினேன். ஆனா நாலு வருஷத்துல ஒரு நாள் கதவைச் சாத்தினேனா? 'எப்போ போறே'ன்னு கேட்டேனா? அவர் கேட்டார். 'இவளை அனுப்பு, இல்லைன்னா நான் பேச மாட்டேன்'னார். 'பேசாதீங்க'ன்னேன். உனக்கு அது தெரியாது, தெரிய வேண்டாம்னுதான் வாயை மூடினேன். மௌனம்னு நான் சொன்னது அதைத்தான்.

நான் திட்டிக்கிட்டே திறந்து வெச்சேன். நீ 'அன்புள்ள அக்கா'ன்னு எழுதிக்கிட்டே சாத்திட்டே.

இனிமே கேட்க மாட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

எப்படி இருக்கே? தோள் வலி எப்படி இருக்கு? உன் கடிதம் வந்து ரொம்ப நாள் ஆச்சு, பையிலேயே வெச்சுட்டுத் திரிஞ்சேன். மாமா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே போயிருப்பேன். எங்கே போயிருப்பேன்னு தெரியலை, ஆனா போயிருப்பேன்.

அந்தக் கேள்விதான் இந்த வருஷத்துலேயே அதிகமாப் பதில் வந்த கேள்வியாம். மேற்பார்வையாளர் எல்லார் முன்னாடியும் எழுந்து நிக்கச் சொல்லிப் பாராட்டினார். 'இந்த மாதிரி உயிருள்ள கேள்வி வேணும்'னார். எழுந்து நின்னுட்டு உட்கார்ந்துட்டேன். உனக்கு இதை எழுதணுமான்னு யோசிச்சேன். உன்னைத் தவிர வேற யார்கிட்டயும் சொல்லவும் முடியாது.

அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா? ஒரு வேளை நான் இப்போ சரின்னு சொன்னேன்னு வெச்சுக்கோ. வருவியா? வந்தா எத்தனை நாள் இருப்பே? ரெண்டு வாரமா, ஒரு மாசமா? வேலை கிடைக்கலைன்னா என்ன பண்ணுவே? தப்பா எடுத்துக்காதே. முன்கூட்டியே பேசிட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுன்னுதான். வீட்டுக்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்கணும். இதுக்கெல்லாம் நீ பதில் எழுதினா நான் ஒரு முடிவுக்கு வர வசதியா இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கோ.

வாலு


செப்டம்பர் 9

வாலுக்கு,

அக்கா எழுதறேன். இருக்கேன்.

உன் கடிதத்துல 'ஒரு வேளை' இருந்துச்சு, 'வெச்சுக்கோ' இருந்துச்சு, 'வருவியா'வும் இருந்துச்சு. நான் அந்த ஒரு வார்த்தையை மட்டும் படிச்சுட்டு மத்ததை விட்டுட்டேன். மேஜையிலேயே ரோலர்காரியைக் கட்டிப் பிடிச்சு அழுதேன். அவ கேட்காமலே தன் பெரிய பையைக் கொண்டு வந்து குடுத்தா, பெட்டி எடுத்துட்டுப் போனா அவருக்குத் தெரிஞ்சுடும்னு. எத்தனை நாள், வேலை கிடைக்கலைன்னா என்ன, வீட்டுக்காரர் என்ன சொல்வார், அதெல்லாம் வந்து பேசிக்கலாம், என் தங்கச்சிதானேன்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவர் முன் அறையில தூங்கறார்னு கட்டில் மேல பையை வெச்சுத் துணியை எடுத்து அடுக்கினேன். புடவை அஞ்சு, ஸ்வெட்டர், துண்டு. சலவைக் கூடத்துப் பழக்கம், ஓரம் ஓரத்தோட சேராம என் கை எதையும் மடிக்காது. அதான் நேரமாயிடுச்சு. நிமிர்ந்து பார்க்கறேன், கதவு நிலையைப் பிடிச்சுட்டு நிக்கறார். எவ்வளவு நேரமா நின்னாரோ.

இத்தனை மாசத்துக்கு அப்புறம் உன் மாமா வாயைத் திறந்தார். குரல் கூடக் கரகரன்னு வந்துச்சு, வீட்டுக்குள்ள பேசிப் பழக்கம் விட்டுப் போச்சு பாரு. 'யார்கிட்ட போறே?'ன்னார்.

கோபமாக் கேட்கலை. கிண்டலும் இல்லை. நிஜமாவே தெரியாம, தெரிஞ்சுக்கணும்னு கேட்கற மாதிரி கேட்டார். உன் பேரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அன்னிக்கு டீச்சர்கிட்ட அவ்வளவு சரளமா வந்த பொய்தானே, இப்போ பாதி நிஜம்கூட ஆயிருக்கே, வந்துடும்னு நெனச்சேன். வரலைடி. 'எத்தனை நாளைக்கு'ன்னு நீ கேட்டிருந்தது அப்போதான் எனக்குக் காதுல விழுந்துச்சு.

'யார்கிட்டயும் இல்லை'ன்னேன்.

அவர் தலையாட்டினார். போய் டிவியைப் போட்டார். நான் பையிலேருந்து ஒவ்வொண்ணா எடுத்து அலமாரியில பழைய இடத்துல வெச்சேன். திங்கக்கிழமை பையை ரோலர்காரிகிட்ட திருப்பிக் குடுத்துட்டேன். இப்போ அவர் கொஞ்சம் கொஞ்சம் பேசறார். உப்பு போதும்னு சொல்றார், விளக்கை அணைன்னு சொல்றார். நானும் மணி அடிச்சுட்டு நிக்கறேன்.

நீ கேட்டிருந்ததுக்கெல்லாம் பதில் எழுதிட்டேன்னு நெனக்கறேன். இந்தக் கடிதத்துல நான் உன்னை எதுவும் கேட்கலை. அதனால நீ பதில் போட வேண்டாம்.

அக்கா